வாக்குறுதியும் பரிசோதனைக் கட்டணமும்

வாக்குறுதி ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது ஒழுக்கவியலில் எளிதாக விடையிறுக்கப்படாத வினாக்களுள் ஒன்றாகும். ஒருவன் புதுவீட்டுக்கு ஓடு வேய்ந்து கொடுத்துவிட்டு, “மூன்றாண்டுக்குள் என் வேலையிலே குறையிருந்து கூரை ஒழுகுமானால் கூலி வாங்காது திருத்தித் தருவேன்” என்று சொல்லிச் செல்கிறான் எனக் கொள்வோம். இரண்டாம் ஆண்டு மாரியிலே கூரை ஒழுகுகின்றது. வீட்டுக்காரர் அவனை அழைக்கிறார். அவனும் வருகிறான். ஆனால் ஏணியைச் சாத்துவதற்கு முன் அவன் கூறுகிறான்: “ஒழுக்கு என் வேலையின் குறையால் வந்ததோ, உங்கள் தென்னையிலிருந்து மட்டை விழுந்து ஓடு உடைந்ததால் வந்ததோ, ஏறிப் பார்த்தாலன்றித் தெரியாது. என் குறை என்றால் உங்களுக்குச் செலவில்லை. மட்டை என்றால் ஏறிப் பார்த்ததற்கு ஐயாயிரம் ரூபா தரவேண்டும். இதற்கு இப்பொழுதே சம்மதம் சொல்லுங்கள்.” அவன் கேட்பது நியாயமா? திருத்தித் தருவேன் என்ற சொல்லுக்குள் ஏணியில் ஏறுவதும் அடங்கியிருந்ததா, அல்லது அது வேறொரு தொழிலா?

அற்பமாகத் தோன்றும் இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே புதிய மோட்டார்க் கார் வாங்கியோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாவாகும். அங்கே கார் உற்பத்தியாளர் பெரும்பாலும் மூன்று ஆண்டு அல்லது 36,000 மைல், இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரைக்கும், மூலப்பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறையால் ஏற்படும் பழுதுகளைக் கட்டணமின்றித் திருத்தித் தருவதாக எழுத்தில் உத்தரவாதம் அளிக்கின்றனர். எஞ்சினுக்கும், அதன் சக்தியைச் சில்லுகளுக்குக் கடத்தும் பாகங்களுக்கும் இதனினும் நீண்ட காலம் உண்டு. திருத்தும் வேலையை உற்பத்தியாளர் நேரே செய்வதில்லை. அவரது பெயர்ப்பலகையின் கீழ்க் காரை விற்கும் முகவர் நிலையமே செய்கின்றது. முகவர் என்று நாம் சொல்லினும் அவர் உற்பத்தியாளரின் ஊழியர் அல்லர்; உரிமம் பெற்றுத் தம் முதலைக் கொண்டு தொழில் நடத்தும் தனி வணிகர். இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

காரிலே மஞ்சள் விளக்கு ஒன்று எரிகின்றது, அல்லது எங்கோ ஓர் ஓசை கேட்கின்றது. உரிமையாளர் முகவர் நிலையத்துக்குச் செல்கிறார். அங்கே அவருக்கு முன் ஒரு தாள் நீட்டப்படுகின்றது. பழுது உத்தரவாதத்துள் அடங்குமாயின் கட்டணம் எதுவுமில்லை. அடங்காதெனக் காணப்படின், பழுதைக் கண்டறிந்த வேலைக்கு நூறு முதல் இருநூறு டொலர் வரையில் ஒரு தொகையைச் செலுத்தவேண்டும் என்பது அதன் சாரம். சில இடங்களில் தொகையை முன்னரே பெற்றுக்கொண்டு பின்னர் திருப்பித் தருவதும் உண்டு. கையொப்பமிட மறுத்தால் கார் வந்த நிலையிலேயே திரும்பிச் செல்லவேண்டியதுதான்.

இவ்விதழைப் படிப்போருட் பலர் பஸ்ஸிலும் துவிச்சக்கர வண்டியிலும் பல்கலைக்கழகம் வருவோர். எமது வீதிகளில் ஓடும் கார்களுட் பல யப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்தபின் இங்கு வந்தவை. அவற்றை ஆக்கியோரின் உத்தரவாதம் பெரும்பாலும் கூடவே கப்பலேறி வருவதில்லை. அவ்வாறிருக்கத் தொலைதேசத்துக் கார் உரிமையாளரின் மனக்குறை நமக்கு எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். கார் ஈண்டு ஒரு சந்தர்ப்பம் மட்டுமே. அறிந்தவன் ஒருவன் அறியாதவன் ஒருவனுக்கு வாக்குக் கொடுக்கிறான். வாக்கை நிறைவேற்றும் வேளை வந்துவிட்டதா என்பதை அறியாதவனால் தானே தீர்மானிக்க இயலாது. அதனைத் தீர்மானிக்கும் செலவு யாரைச் சாரும்? இதுவே நம் வினா. மருத்துவக் காப்புறுதியிலும் இவ்வினா எழும், கட்டிட ஒப்பந்தத்திலும் எழும். காரில் அது தெளிவாக எழுகின்றது என்பதே அதன் சிறப்பு.

இவ்வழக்கத்தின் மூதாதையை 1950களின் உத்தரவாதப் பத்திரத்திற் காணலாம். அக்காலத்தில் அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தைச் சேர்ந்த நிறுவனங்கள் யாவும் ஒரே வாசகம் கொண்ட பத்திரத்தையே வழங்கின. நாட்டில் உற்பத்தியான பயணிக் கார்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அவற்றினுடையவை. ஆதலின் வேறு கடைக்குப் போய் வேறு வாக்கு வாங்கலாம் என்னும் வழி வாங்குவோருக்கு இருக்கவில்லை. உத்தரவாதக் காலம் 90 நாள் அல்லது 4,000 மைல். குறையுடையதெனக் கருதப்படும் பாகத்தை உரிமையாளர் தம் செலவில் தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். தொழிற்சாலை அதனைச் சோதித்து, குறை உண்டெனத் தான் திருப்தியுற்றால் மட்டுமே மாற்றித் தரும். கண்டறிவதற்கான செலவு வாங்கியவர் தலையிலும், கண்டறிந்த முடிவு விற்றவர் கையிலும் இருந்தமை ஈண்டு கவனிக்கத்தக்கது. இன்றைய கட்டணத் தாளில் வாசகம் மாறியிருக்கிறது. அவ்விரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அப்பத்திரம் 1960ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநில உயர் நீதிமன்றத்தின் முன் சோதனைக்குள்ளாயிற்று. ஹெனிங்சன் எதிர் புளூம்ஃபீல்ட் மோட்டர்ஸ் என்னும் அவ்வழக்கைச் சட்டத்துறை மாணவர் அறிந்திருப்பர். 1955 மே மாதத்தில் ஒருவர் அன்னையர் தினப் பரிசாகத் தம் மனைவிக்குப் பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். பத்து நாள் சென்றபின், கார் 468 மைலே ஓடியிருந்த நிலையில், மனைவி ஓட்டிச் செல்லும்போது ஏதோ முறிந்தாற்போன்ற ஓசை கேட்டது. ஸ்டியறிங் கையிலே தானாகச் சுழன்றது. கார் வலப்புறம் பாய்ந்து சுவரில் மோதியது. முன்பகுதி முற்றாக நொறுங்கியமையால், ஸ்டியறிங் பாகத்தில் முன்பே குறையிருந்ததா என்பதை எவராலும் கண்டறிய இயலாது போயிற்று. பழைய பத்திரத்தின்படி நோக்கின் விடயம் அவ்வளவில் முடிந்திருக்கும். சோதிப்பதற்குப் பாகம் இல்லை. தொழிற்சாலை திருப்தியுறவும் வழியில்லை. நீதிமன்றமோ, ஏனைய பொறுப்புகள் யாவற்றையும் துறந்த அப்பத்திர வாசகம் பொதுநலக் கொள்கைக்கு மாறானது, செல்லுபடியாகாது என்று தீர்த்தது. இன்ன ஆணி இன்னவாறு முறிந்தது என்று வாங்கியவர் சுட்டிக்காட்டவேண்டியதில்லை, சூழ்நிலையே போதிய சான்றாகலாம் என்றும் கொண்டது. உற்பத்தியாளரும் முகவரும் ஒருங்கே பொறுப்பாளராயினர். எதுவும் தெளிவாகத் தெரியாத இடத்தில் அத்தெரியாமையின் பாரத்தை வாங்கியவர் மீது ஏற்ற நீதிமன்றம் மறுத்தமையே இத்தீர்ப்பின் உயிர்நாடி எனலாம்.

இக்கருத்து புதியதன்று. பண்டைய ரோமிலே சந்தையை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படக் கூறவேண்டும் என ஆணையிட்டனர். மனிதரை விற்ற சந்தையிலிருந்து வாங்குவோர் உரிமை பிறந்தமை வரலாற்றின் கசப்புகளுள் ஒன்று. அவ்வாணைப்படி, குறை எனக்கே தெரியாது என்று விற்றவர் சொல்லித் தப்ப இயலாது. அவர் அறிந்திருக்கக்கூடியவர் என்பதும், ஏமாந்தவனுக்கு விற்றவரின் அறியாமையால் ஏமாந்தாலென்ன சூழ்ச்சியால் ஏமாந்தாலென்ன எல்லாம் ஒன்றே என்பதும் இதற்கு ரோமச் சட்டவறிஞர் உல்பியன் காட்டிய நியாயங்கள். ரோமன்-டச்சுச் சட்டம் இன்றும் பொதுச் சட்டமாக வழங்கும் எமது நாட்டில் இந்நெறி அந்நியமானதன்று. எனினும் பொருள் விற்பனையைப் பொறுத்தவரை 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நம்மை ஆங்கிலச் சட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டது.

அமெரிக்காவுக்கு மீள்வோம். 1975ஆம் ஆண்டில் மக்னசன்-மொஸ் உத்தரவாதச் சட்டம் நிறைவேறிற்று. அது எழுத்திலான உத்தரவாதங்களை முழுமையானவை, வரையறுக்கப்பட்டவை என இரண்டாக வகுத்தது. முழுமையான உத்தரவாதம் அளித்தவர் பழுதைக் கட்டணமின்றித் திருத்தவேண்டும். கட்டணமின்றி என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கம் நம் வினாவுக்கு நேரே பொருந்துவது: திருத்துதல் தொடர்பாக உத்தரவாதம் அளித்தவரோ அவர்தம் பிரதிநிதியோ செய்யும் எந்தச் செலவையும் வாங்கியவரிடம் அறவிடலாகாது. மேலும், வாங்கியவரின் கையில் இருந்தபோது நேர்ந்த சேதத்தாலோ தகாத பாவனையாலோ பழுது வந்தது என்று உத்தரவாதம் அளித்தவர் காட்டினால்தான் அவர் விடுபடலாம். காட்டவேண்டியவர் அவர், வாங்கியவரல்லர். ஏணியில் ஏறவேண்டியவன் யார் என்பதற்கு இதனினும் தெளிவான விடையைச் சட்டத்திற் காண்பது அரிது.

ஆனால் முழுமையான உத்தரவாதத்தைத்தான் அளிக்கவேண்டும் என்று அச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கார் உத்தரவாதங்கள் ஏறக்குறைய யாவும் ‘வரையறுக்கப்பட்ட’ என்னும் அடைமொழியைத் தாங்கியே வருகின்றன. சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு, விரும்பியோர் பார்த்து எழுதிக்கொள்க என்று வகுப்பை விட்டுச் சென்ற ஆசிரியரைப் போன்றது இச்சட்டம். வகுப்பில் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் சற்று முன்சென்று, உத்தரவாதம் பெற்ற பாகம் ஒன்று பழுதடைந்துள்ளது எனக் காண்பதற்கு இட்டுச் சென்ற பரிசோதனை வேலைக்கு, அவ்வேலை உத்தரவாத நிலையம் ஒன்றிலே செய்யப்பட்டிருப்பின், உரிமையாளரிடம் கட்டணம் பெறலாகாது என்கின்றன. நல்லது. ஆயினும் பரிசோதனையின் விடை ‘ஆம்’ என்றிருக்கும்போது மட்டுமே அவ்விதி பேசுகின்றது.

முகவரின் பக்கத்து நியாயத்தை இனி நோக்குதல் வேண்டும், அது இலேசானதன்று. பழுதைக் கண்டறிதல் இரண்டு நிமிட வேலை என்று உரிமையாளர் பலர் எண்ணுகின்றனர். 1996ஆம் ஆண்டுமுதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவற்றிலும் தன்னைத் தானே சோதிக்கும் ஒரு பொதுவான இலத்திரனியல் ஒழுங்கு அமைந்திருக்கவேண்டும். சில பத்து டொலருக்கு விற்கும் கருவி ஒன்றைச் செருகினால் அது பழுதின் குறியீட்டு எண்ணைக் காட்டும். எண் தெரிந்துவிட்டால் பழுது தெரிந்துவிட்டது என்ற மயக்கம் இதனாற் பிறந்தது. உதாரணமாக, பி0420 என்னும் எண் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி வேண்டிய அளவு வேலை செய்யவில்லை என்று கூறுகின்றது. மாற்றியே பழுதடைந்திருக்கலாம், அதனை அளக்கும் ஒட்சிசன் உணரி பிழையாக அளந்திருக்கலாம், குழாயில் எங்கோ ஒரு பொத்தல் இருக்கலாம், எஞ்சின் சரிவர எரியாமையால் மாற்றி கெட்டிருக்கலாம். எண் கூறுவது அறிகுறியை, நோயை அன்று. காய்ச்சல் நூற்றிரண்டு என்று வெப்பமானி காட்டியதும் மருந்து கட்டுவோர் உண்டாயின் அவர்களை மருத்துவர் என்று நாம் அழைப்பதில்லை. மின்சுற்றுப் படத்தை விரித்து வைத்துக் கம்பி கம்பியாக அளந்து, காரை வீதியில் ஓட்டிப் பார்த்து, குளிர்ந்த காலையில் மட்டும் தோன்றும் பழுதுக்காக ஓரிரவு காத்திருந்து உண்மையைக் காணும் மெக்கானிக் அறிவுத் தொழில் செய்கிறார். அவருக்குக் கூலி வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஐயம் அக்கூலியை யார் கொடுப்பது என்பதில்தான். உத்தரவாத வேலைக்கு உற்பத்தியாளர் முகவருக்குப் பணம் கொடுக்கிறார். ஆனால் அது செலவான நேரத்துக்கு அன்று. இன்ன பாகத்தை மாற்ற இத்தனை மணி என்று அட்டவணை ஒன்று உண்டு. அதன்படியே கணக்குத் தீர்க்கப்படும். அட்டவணை நேரம் வெளியாருக்குச் செய்யும் அதே வேலைக்குக் கணக்கிடும் நேரத்திலும் பார்க்கப் பெரும்பாலும் குறைவு. கண்டறிவதற்கென ஒதுக்கப்படும் நேரம் இன்னும் குறைவு, அல்லது முன் அனுமதி கேட்டுப் பெறவேண்டியது. மெக்கானிக்கின் ஊதியமும் பல இடங்களில் அதே அட்டவணையைப் பின்பற்றுகின்றது. மூன்று மணி நேரம் தேடி ஒரு மணி நேரத்துக்குக் கூலி பெறுபவர் இரண்டு மணி நேர உழைப்பை இழக்கிறார். வெளி வாடிக்கையாளரிடம் பெறும் விலைவீதத்திலேயே உத்தரவாத வேலைக்கும் பணம் கொடுக்கவேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் இயற்ற நேர்ந்தமை இம்முறைப்பாட்டின் உண்மைக்குச் சான்று.

இங்கேதான் கட்டணத்தின் உண்மை உருவம் புலனாகின்றது. வாக்குக் கொடுத்தவர் உற்பத்தியாளர். அதனை நிறைவேற்றும் செலவின் ஒரு பகுதியை அவர் முகவருக்குக் கொடாது விடுகிறார். முகவரோ அதனை மேலே கேட்டுப் பெறும் வலிமையின்றி, கீழே நிற்பவரிடம் கேட்கிறார். உற்பத்தியாளருக்கும் முகவருக்கும் இடையிலான கணக்குத் தகராறு ஒன்று, அதில் எவ்விதப் பங்குமில்லாத மூன்றாமவரின் பற்றுச்சீட்டில் வந்து இறங்குகின்றது. முகவரின் குறை நியாயமானது; அதனைத் தீர்க்க அவர் தட்டும் கதவு பிழையானது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை ஈண்டு நினைவுகூரலாம். நோயையும் நோயின் காரணத்தையும் நாடுதலை மருத்துவனின் பணியாகவே அது காண்கின்றது. மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என நான்கை மட்டுமே கூறுகின்றது. நோய் நாடுதலை ஐந்தாவதாகப் பிரித்து வைக்கவில்லை. பழுதைக் காணாமல் பழுதைத் திருத்துதல் என்னும் செயல் உலகில் இல்லை. ஆகவே திருத்தித் தருவேன் என்பவர் கண்டறிந்து தருவேன் என்றும் சொல்லிவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

“இதனை யாரும் மறுக்கவில்லையே, பழுது உத்தரவாதத்துள் அடங்கினால் நாங்களும் கட்டணம் பெறுவதில்லை, அடங்காதபோதுதானே பெறுகிறோம்” என்று முகவர் கூறலாம். மேலோட்டமாக நோக்கின் இது செம்மையான நடுநிலை போலவே தோன்றும். அதன் உள்ளிருக்கும் குற்றத்தைக் காண, காருக்குத் தொடர்பற்ற ஓர் அமெரிக்க வழக்கு நமக்கு உதவுகின்றது. மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலத்தில் ஒஹாயோ மாநிலத்துக் கிராமம் ஒன்றின் மேயர், மது வைத்திருந்தோரைத் தாமே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் பெற்றிருந்தார். ஒருவரைக் குற்றவாளி எனத் தீர்த்து 100 டொலர் அபராதம் விதித்தார். அவ்வழக்கில் மேயருக்கு விசாரணைச் செலவாக 12 டொலர் கிடைத்தது. குற்றமற்றவர் எனத் தீர்த்திருப்பின் அவருக்கு ஒன்றும் கிடைத்திராது. 1927ஆம் ஆண்டில் ஐக்கிய நாட்டு உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் டாஃப்ட்டின் தீர்ப்பு வழியாக, இத்தகைய விசாரணை நீதிமுறைக்கு ஒவ்வாதது என்றது. பன்னிரண்டு டொலருக்காக அம்மேயர் பொய்த் தீர்ப்பு வழங்கினார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சராசரி மனிதன் ஒருவனைத் தராசின் ஒரு தட்டுப் பக்கம் சாயத் தூண்டக்கூடிய ஏற்பாடு எதுவாயினும் அது தகாதது என்பதே அதன் நியாயம். டூமி எதிர் ஒஹாயோ என அறியப்படும் இவ்வழக்கு நேர்மையற்ற நீதிபதியைப் பற்றியதன்று. நேர்மையானவரையும் சோதிக்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றியது.

முகவர் நிலையத்து மெக்கானிக் காரைச் சோதித்துவிட்டு அடங்கும், அடங்காது என்னும் இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும். அடங்கும் என்றால் அட்டவணைக் கூலி. அதுவும் நிச்சயமில்லை, உற்பத்தியாளர் பின்னர் கணக்காய்வு செய்து, ஆவணம் போதாது என்று கொடுத்த பணத்தை மீளப் பெறுவதுண்டு. அடங்காது என்றால் பரிசோதனைக் கட்டணம் கையில்; அதனைத் தொடர்ந்து திருத்த வேலைக்கு முழுவிலைக் கூலி; உதிரிப்பாகத்தில் இலாபம் வேறு. மேயருக்கு ஒரு பக்கம் பன்னிரண்டு, மறுபக்கம் சூனியம். முகவருக்கு ஒரு பக்கம் குறைவு, மறுபக்கம் மிகுதி. உவமை முற்றும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன்: முகவர் அரச அதிகாரம் உடையவரல்லர், வாடிக்கையாளர் மீண்டும் வரவேண்டும் என்ற நாட்டமும் அவருக்கு உண்டு, நேர்மையாகச் சொல்வோர் பலர். எனினும் நேர்மையாகச் சொல்பவரே ஒவ்வொரு முறையும் தம் நேர்மைக்கு விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதுதான் இவ்வேற்பாட்டின் குறை. தீர்ப்பு எதுவாயினும் கூலி ஒன்றே என்றிருந்தால் இச்சோதனை அவருக்கு நேர்ந்திராது.

மறுபக்கத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. கட்டணமே இல்லையாயின் ஒவ்வொரு கிறீச்சொலிக்கும் காரைக் கொண்டுவந்து நிறுத்துவோர் பெருகுவர். அச்செலவு ஈற்றில் எல்லாருடைய காரின் விலையிலும் ஏறும். முதற்பகுதியை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஒரு நாள் வேலையை இழந்து, முகவர் நிலையத்தின் நாற்காலியில் பழைய சஞ்சிகையைப் புரட்டிக்கொண்டிருப்பதை இன்பமெனக் கருதுவோர் உலகில் சிலரே. இரண்டாம் பகுதி உண்மை. அது குறையா என்பதே கேள்வி. உத்தரவாதம் என்பது பலர் சிறிது சிறிதாகக் கொடுத்துச் சிலருக்கு நேரும் இடரைத் தாங்கும் ஏற்பாடு. எத்தனை கார்களில் எந்தப் பாகம் எப்பொழுது பழுதுறும் என்று கணக்கிட்டு, அதற்கென நிதி ஒதுக்கி வைக்கும் ஆற்றல் உற்பத்தியாளருக்கு உண்டு. ஒரே ஒரு காரை வைத்திருப்பவருக்கு இல்லை. பரிசோதனைச் செலவும் அக்கணக்கில் ஒரு வரியாகச் சேரக்கூடியதே. நூற்றைம்பது டொலர் செல்வருக்கு ஒரு வேளை விருந்து. மாதச் சம்பளத்தில் கார்க் கடன் கட்டுபவருக்கு அது விளக்கு எரிந்தாலும் எரியட்டும் என்று விட்டுவிடப் போதுமான காரணம்.

இன்னொரு ஆட்சேபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அறிவு எப்பொழுதும் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. காரின் உள்ளமைப்பை முகவர் அறிவார். ஆனால் அக்கார் கடந்த மாதம் எந்த வெள்ளத்தில் இறங்கியது, எந்தக் கல்லில் அடிபட்டது, எண்ணெய் மாற்றாமல் எத்தனை ஆயிரம் மைல் ஓடியது என்பதை உரிமையாளரே அறிவார். அதை மறைத்துவிட்டு, தானாக நின்றுவிட்டது என்று கூறுபவர் மெக்கானிக்கின் மூன்று மணி நேரத்தைத் திருடுகிறார். அவரிடம் கட்டணம் அறவிடுவது நியாயம். உரோமச் சந்தையில் விற்பவனுக்கு இருந்த கடமை இங்கே வாங்கியவனுக்கும் உண்டு. ஆனால் இந்நியாயம் மறைத்தவருக்கு எதிரானது. அடங்காத பழுதுடன் வந்த அனைவரையும் மறைத்தவராக நடத்த அது இடந்தராது.

கடினமான இடம் எலிதான். குளிர்காலத்தில் எலி வெப்பம் தேடி எஞ்சினருகே புகுந்து மின்கம்பிகளைக் கடித்துவிடுவதுண்டு. உரிமையாளர் அறியார், முகவரும் திறந்து பார்க்கும்வரை அறியார், உற்பத்தியாளர் எவ்விதத்திலும் பொறுப்பல்லர். கம்பியை மாற்றும் செலவு உரிமையாளருடையதே. ஆயின் எலிதான் காரணம் என்று கண்டறிந்த செலவு? இரண்டையும் ஒன்றாகக் கட்டி உரிமையாளரிடம் கொடுப்பதே வழக்கம். நான் இவ்விரண்டையும் பிரித்து நோக்குகிறேன். உத்தரவாதத்தை வாங்கியவர் உதிரிப்பாகத்தை மட்டும் வாங்கவில்லை. விளக்கு எரியும்போது, இது உங்கள் குறையா என் குறையா என்று கேட்டு உண்மையான விடை பெறும் உரிமையையும் வாங்கினார். விடை அவருக்குப் பாதகமாக அமைந்தமையால் கேட்கும் உரிமை இல்லாது போய்விடாது. தென்னைமட்டைதான் ஓட்டை உடைத்தது என்றாலும், அதைச் சொல்ல ஏணியில் ஏறவேண்டியவன் ஓடு வேய்ந்தவனே. உடைந்த ஓட்டுக்குக் காசு கொடுக்கவேண்டியவர் வீட்டுக்காரர். இதனை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு. எலிக்காக மற்றைய வாங்குவோர் ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்பது அவர்களின் கேள்வி. தம் காரிலும் எலி புகலாம் என்பதே நான் தரக்கூடிய விடை.

எஞ்சியிருப்பது மூன்றாவது வகை: சோதித்தும் பழுது அகப்படாத கார். பிரேக் சிலவேளை நழுவுகின்றது என்கிறார் உரிமையாளர். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது நழுவவில்லை. பழுது காணப்படவில்லை என்று எழுதிக் கட்டணம் கேட்கப்படுகின்றது. இங்கே ‘அடங்காது’ என்னும் தீர்ப்பே இல்லை. காணவில்லை என்பது இல்லை என்பதாகாது. எனினும் தாளில் கையொப்பமிட்டவர் செலுத்துகிறார். பணத்தினும் பெரியதொன்று இவ்விடத்தில் இழக்கப்படுகின்றது. 1982இல் கனெற்றிக்கட் மாநிலம் தொடக்கிவைத்து, பின்னர் மாநிலங்கள் யாவும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றிய சட்டங்கள், திருத்தியும் திருந்தாத புதுக்காரை உற்பத்தியாளர் திரும்பப் பெறவோ மாற்றித் தரவோ வேண்டும் என்கின்றன. ஒரே பழுதுக்கு நான்கு முறை திருத்த முயன்றிருத்தல், அல்லது கார் மொத்தம் 30 நாள் பாவனைக்கு உதவாது கிடந்திருத்தல் என்பது பல மாநிலங்களில் வழங்கும் அளவு. இதற்குச் சான்று உரிமையாளரின் ஞாபகம் அன்று. ஒவ்வொரு முறையும் முகவர் நிலையம் எழுதிக் கொடுத்த வேலைத்தாள். பிரேக் நழுவும் காரை இரண்டு முறை கொண்டுசென்று, இரண்டு முறையும் கட்டணம் செலுத்தி, மூன்றாம் முறை வேண்டாம் என்று வீட்டிலே நிறுத்திவிட்டவரின் கோப்பில் இரண்டு தாள்களே இருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அவர் வழக்கறிஞரிடம் செல்வாராயின், ஏனைய தாள்கள் எங்கே என்பதே அங்கே அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வியாயிருக்கும்.